புதன்கிழமைக் கான்கள்

நீலப் பிளாஸ்ரிக் தண்ணீர்க் கானுக்கு மேலே ஒரு வெள்ளைச் சட்டை. சைக்கிளில் வரும்போது தூரத்தில் அவ்வளவுதான் தெரிந்தது. கிட்டப் போகத்தான் அது எங்கள் ஜெனிற்றா என்று விளங்கியது.

சீருடை, கழுத்துப்பட்டி, இரட்டைப் பின்னல், வெள்ளை ரிபன். எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஆயத்தத்தில். மடியில் கணிதக் கொப்பி. ஆனால் அவள் இருந்தது வகுப்பில் அல்ல. சந்தியில், கறுப்புத் தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால், நீண்டு கிடந்த கான்களின் வரிசையில் ஒரு கானுக்கு மேல்.

எனக்குப் பின்னால் சைக்கிளில் வந்த ஏழாம், எட்டாம் தரப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காலை ஊன்றி நின்றார்கள். உப்புக் காற்று புழுதியை அள்ளி எங்கள் முகத்தில் போட்டது.

"அங்க பாருங்கோ ரீச்சர், தலைவி சிம்மாசனத்தில இருக்கிறா" என்றான் கஜன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெனிற்றா எழும்பினாள். எழும்பினாலும் ஒரு கையைக் கானில் இருந்து எடுக்கவில்லை.

"என்ன எல்லாரும் வந்து நிக்கிறியள்? ஆரும் செத்துப்போச்சினமே?"

விளக்குமாறும் சேவையும்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு, நான் பட்டம் முடித்து வீட்டில் குந்தியிருந்த கதை தெரியும். இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்கு: எனக்குக் கிடைத்தது ஆசிரியர் நியமனம் அல்ல, அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம். பூநகரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றோடு இணைத்து விட்டார்கள். எனக்கென்று வகுப்பு இல்லை. ஆசிரியர் வராத வகுப்பைப் பார்ப்பேன், மணி அடிப்பேன். பிள்ளைகள் பாவம் பார்த்து என்னையும் 'ரீச்சர்' என்று கூப்பிடுவார்கள்.

எனக்குச் சும்மா இருக்க வராது. "உன்னைக் கட்டி வைக்கிறதெண்டா மாடு கட்டுற கயிறும் காணாது" என்று முரசுமோட்டை வீட்டில் அம்மா இப்போதும் சொல்லுவா.

எங்கள் பள்ளிக்கூடங்களில் சேவை என்றால் சிரமதானம். சிரமதானம் என்றால் விளக்குமாறு. நான் படித்த காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் அதே வேப்பமரத்தின் அதே இலைகளைக் கூட்டிக் குவித்தோம். திங்கட்கிழமை வந்தால் வளவு முழுக்க இலை. காற்றுக்கும் எங்களுக்கும் நடந்த போட்டியில் ஒருநாளும் நாங்கள் வென்றதில்லை.

சேவையும் படிப்புத்தானே என்று எனக்குப் பட்டது. ஊருக்குள் போய்ப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், பிள்ளைகளே யோசிக்க வேண்டும், செய்ய வேண்டும். செய்தது சரியா என்று திரும்பவும் போய்ப் பார்க்க வேண்டும். இதை மூச்சு விடாமல் அதிபருக்குச் சொன்னேன். அவர் நிதானமான மனிசன். முழுவதையும் கேட்டார்.

"நல்லது பிள்ளை. அதோட வளவும் கூட்டுப்படும் தானே?"

"கூட்டுப்படும் சேர்."

புதன்கிழமை கடைசிப் பாடத்தை எங்களுக்கு விட்டுத் தந்தார். அப்படித்தான் சேவைக் குழு தொடங்கியது.

முதல் கூட்டத்தை மட்டும் ஒரு திங்கட்கிழமை வைத்தோம். தலைவர் தெரிவு. கஜன் கிரிக்கெட் மைதானத்தில் கத்துகிற மாதிரிப் பேசினான். ஜெனிற்றா எழும்பி ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"ஆரிட்டயும் கேக்காமல் ஒண்டும் செய்யக் கூடாது. எங்கட வீட்டுக்கு ஒருக்கா ஆரோ கோழிக்கூடு கொண்டு வந்து தந்தவை. எங்களிட்ட கோழியில்லை. இப்ப அதுக்குள்ள அப்பா வலை வைச்சிருக்கிறார்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த கையோடு எல்லோரும் அவளுக்கே கை உயர்த்தினார்கள்.

தலைவியை மாத்துவம்

முதல் புதன் தலைவி வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. திங்கள் வருவாள், செவ்வாய் வருவாள், வியாழன் வந்து "என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்பாள். புதன் என்றால் ஆளே இல்லை.

நாங்கள் அவள் இல்லாமலே வீதி வீதியாகத் தேவை கேட்டுத் திரிந்தோம். வாசிகசாலைக்குக் கதிரை வேண்டுமாம். மைதானத்துக்கு வேலி வேண்டுமாம். சனம் எங்களுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துத் தந்து நல்ல நல்ல தேவைகளாகச் சொன்னது.

ஒரு புதன் கஜன் எழும்பினான். "ரீச்சர், தலைவியை மாத்துவம். அவவுக்கு எங்களோட வர விருப்பமில்லை. கரைப்பக்கத்து ஆக்களுக்கு வயல்பக்கத்துப் பள்ளிக்கூடம் பிடிக்காதெண்டு அம்மா சொல்லுறவா."

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வருவார்கள். களப்புக் கரையில் கத்தோலிக்கக் குடும்பங்கள், கடற்றொழில். வீதிக்கு இந்தப் பக்கம் குடாநாட்டில் இருந்து வந்து குடியேறி வயல் செய்கிற சனம். பெரிய பகை ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்ல எப்போதும் ஏதாவது கையிருப்பில் இருக்கும்.

"அவளிட்டக் கேட்டனியா?" என்றேன்.

"இல்லை."

"கேக்காமல் ஒண்டும் செய்யக் கூடாதெண்டு தீர்மானம் எடுத்தது ஆர்?"

கஜன் கதிரையில் இருந்துவிட்டான். அடுத்த புதன் காலை அதிபரிடம் கேட்டுக்கொண்டு அவளைத் தேடிப் புறப்பட்டோம். வீடு வரைக்கும் போகத் தேவைப்படவில்லை. சந்தியிலேயே அவள் அந்த நீலக் கானுக்கு மேல் இருந்தாள்.

ஆளில்லாத கான்

இரண்டு பக்கத்துக் கிணறுகளும் சவர், உப்புக் கரிக்கும். குளிக்கலாம், உடுப்புத் தோய்த்தால் நுரை வராது. குடிக்கிற தண்ணீர் புதன்கிழமை பவுசர் லொறியில் வரும். பவுசர் தாங்கியை நிரப்பிவிட்டுப் போகும். சனம் குழாயடியில் வரிசையில் நின்று பிடிக்கும். கடைசிக் கான்களுக்குக் கலங்கல்தான். சில கிழமை அதுவும் இல்லை.

"அப்பா களப்பால வாற நேரம் இது. வந்தவுடனே வலையில இருந்து மீன் கழட்ட வேணும், இல்லாட்டி நண்டு வலையைக் கடிச்சுப்போடும். அம்மா அங்க நிக்கிறா. தம்பி சின்னன். அப்ப ஆர் நிக்கிறது?" என்றாள் ஜெனிற்றா.

"கானை வைச்சிட்டு வாறதுதானே?" என்றான் கஜன்.

வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாவது கானுக்குப் பக்கத்தில் நின்ற தவமணி அக்கா, அவனுடைய சொந்தத் தாய், சொன்னா:

"விசர்க் கதை கதைக்காத. ஆளில்லாத கானுக்குத் தண்ணியில்லை."

எனக்கு அந்தச் சட்டம் தெரியும். அதை நான் எங்கே படித்தேன் என்பதும் தெரியும். முள்வேலிக்குள், யுத்தம் முடிந்து எங்களை வைத்திருந்த முகாமில், இந்தப் பிள்ளைகளின் வயதில். வெயில் ஏறும்போது சனம் கூடாரத்துக்குள் போய்விடும். கான்களும் வாளிகளும் வரிசையில் நிற்கும். தண்ணீர் வருகிற சத்தம் கேட்டால் எல்லோரும் ஓடி வருவார்கள். ஓடி வராதவரின் கான் பின்னுக்குப் போகும். சில நேரம் காணாமலே போகும். அம்மா என் கையையும் கானின் பிடியையும் ஒரு துணியால் சேர்த்துக் கட்டிவிட்டுப் போவா. அந்தத் துணியின் ஈரமும் மண்ணெண்ணெய் மணமும் இன்னும் மூக்கில் இருக்கிறது.

மிச்சத்தை வேறொரு நாள் எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குப் பட்டது இதுதான்: முகாமைப் பூட்டிவிட்டார்கள். கூடாரங்களைக் கழற்றிவிட்டார்கள். அந்தச் சட்டத்தை மட்டும் ஒருவரும் கழற்றவில்லை. அது எங்களோடு லொறியில் ஏறி ஊருக்கு வந்து, இப்போது முகாமைக் கண்ணாலும் காணாத ஒரு பிள்ளையைக் கானோடு கட்டி வைத்திருக்கிறது.

"சீருடை எதுக்கடி போட்டிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"பவுசர் வெள்ளண வந்தா பள்ளிக்கூடத்துக்கு ஓடி வரலாமெண்டுதான் ரீச்சர்."

"எப்பவாவது வெள்ளண வந்திருக்கே?"

"இல்லை."

வரிசையில் அவளைப் போல இன்னும் சில பிள்ளைகள் நின்றார்கள். சிலர் சீருடையோடு, சிலர் அந்த நம்பிக்கையும் விட்டுப்போய் வீட்டுச் சட்டையோடு. கஜன் ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"அப்ப நாங்கள் ஏன் ரீச்சர் ஊரெல்லாம் தேவை தேடித் திரிஞ்சனாங்கள்?"

"பாத்தாச்சு தானே, போங்கோ" என்றாள் ஜெனிற்றா. "எனக்காக ஒண்டும் செய்யத் தேவையில்லை."

"உனக்காக ஆர் செய்யிறது? நீ இல்லாமல் எங்களுக்கு எல்லாம் பிழையாப் போகுது" என்றான் கஜன்.

இப்படித்தான் அவள் தலைவியாகவே தொடர்ந்தாள்.

சிவப்புக்கு வீடு, நீலத்துக்கு ஆடு

முதலில் பவுசர்ச் சாரதியிடம் போனோம். பின்னேரம் வரமாட்டாரா என்று கேட்டோம்.

"தங்கச்சி, பின்னேரம் நான் இஞ்ச வந்தா, பின்னேரம் போற ஊருக்குக் காலமை போகவேணும். அப்ப அந்த ஊர்ப் பிள்ளையள் வரிசையில நிப்பினம். சரியே?"

சரியில்லை. ஜெனிற்றாவே "அது வேண்டாம்" என்றுவிட்டாள்.

பிறகு பிள்ளைகளே யோசித்தார்கள். கானில் அடையாளம் இருந்தால் அது தனியே நிற்கலாம். கிழமைக்கு ஒரு வளர்ந்த ஆள் முறை வைத்து நின்று எல்லாக் கானையும் நிரப்பினால், மிச்ச எல்லோரும் தங்கள் வேலைக்குப் போகலாம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரலாம்.

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். அந்தச் சனிக்கிழமையே புறப்பட்டோம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய பெயின்ற்றில் சிவப்பும் நீலமும் மிச்சம் இருந்தன. வெயிலுக்கு, ஏதோ ஒரு திட்டத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்த ஒரே மாதிரித் தொப்பிகளைப் போட்டுக்கொண்டோம். வீடு வீடாகப் போய் வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டு, கானில் நம்பர் போட்டோம். கரைக்குச் சிவப்பு, வயலுக்கு நீலம். சனம் மறுபேச்சில்லாமல் கானைக் கொண்டுவந்து தந்தது. இவ்வளவு ஒத்துழைப்பா என்று நான் பூரித்துப் போனேன்.

வன்னியில் பிறந்து வளர்ந்தவள் நான். தொப்பி போட்டுக்கொண்டு வந்து பெயர் கேட்டு நம்பர் போட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திங்கள் காலை பள்ளிக்கூடக் கேற்றடியில் திருவிழாச் சனம். எல்லோர் கையிலும் பொலித்தீன் பை. பைக்குள் குடும்ப அட்டைப் போட்டோக்கொப்பி, அடையாள அட்டைப் போட்டோக்கொப்பி. சிலர் புகைப்படத்துக்கு நிற்க நல்ல உடுப்போடு வந்திருந்தார்கள்.

"ரீச்சர், சிவப்புக்கு வீடாம், நீலத்துக்கு ஆடாம், மெய்யே?"

"ஐயா, அது தண்ணிக் கானுக்கு... வேற ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லாததுக்கு ஆரும் நம்பர் போடுவினமே பிள்ளை?"

"எங்களுக்கு வீடு கிடைச்சிட்டுது, எங்களை நீலத்துக்கு மாத்தி விடுங்கோ" என்றார் கரைப்பக்கத்து ஒருவர்.

நம்பர் போடாமல் விடுபட்ட வீட்டுக்காரருக்குத்தான் கூடக் கோபம். அவர்கள் அதிபரின் அறைக்குள்ளேயே போய்விட்டார்கள். உண்மை விளங்கிய பிறகு கோபம் எல்லோருக்கும் பொதுவானது. தவமணி அக்கா கேற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னா:

"சேவை எண்டு விளக்குமாறு பிடிச்சிருந்தா இவ்வளவும் வந்திராது."

சனம் கலைந்த பிறகு அதிபர் என்னைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "உந்தச் சனம் எத்தினை நிவாரணப் பதிவைக் கண்டிட்டுது பிள்ளை. இன்னொண்டைக் காட்டி ஏமாத்தக் கூடாது. வாற புதன் மட்டும் பாப்பம். சரிவராட்டிக் குழுவை விட்டிட்டு வளவைக் கூட்டுவியுங்கோ."

ஒரு புதன்

அன்று பின்னேரமே சந்திக்குப் போனோம். தொப்பி இல்லை. கையில் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் பழந்துணியும். வீடுகளில் இருந்து கான்களை வாங்கி வந்து நம்பரை எல்லாம் அழித்தோம். அழிக்க அழிக்கச் சனம் வேடிக்கை பார்க்க வந்து கூடியது. அது எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

ஜெனிற்றா தாங்கியின் சீமெந்துக் கட்டுக்கு மேல் ஏறி நின்றாள்.

"நம்பர் போட்டது பிழை. ஒருத்தரும் ஒண்டும் தரப்போறதில்லை. நாங்கள் தரவும் வரேல்லை, உங்களிட்டக் கேக்கத்தான் வந்தனாங்கள். புதனில நாங்கள் பள்ளிக்கூடம் போகவேணும். கிழமைக்கு ஒருத்தர் நிண்டு எல்லாக் கானையும் நிரப்புவியளோ?"

"விடியமுன்னம் வந்து முதலாவதா நிக்கிறவள் நான்" என்றா தவமணி அக்கா. "வராதவைக்கு நான் ஏன் நிரப்பவேணும்? நிரப்பிறவள் தன்ர கானையும் தன்ர தங்கச்சின்ர கானையும் நிரப்பிப்போட்டு மிச்சத்துக்குக் கலங்கலைத்தான் விடுவாள். எனக்குத் தெரியாத சனமே?"

அதில் நியாயம் இருந்தது. ஜெனிற்றா அவவின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீங்களே முதல் முறை நில்லுங்கோ அன்ரி. நீங்கள் அப்பிடிச் செய்யமாட்டியள் தானே."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தவமணி அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினா. "சரி, நிக்கிறன். இது சரிவராதெண்டு செய்து காட்டத்தான் நிக்கிறன், விளங்குதே?"

ஜெனிற்றாவின் அம்மா அதுவரை பின்னால் நின்றா. கையில் மீன்செதில் மினுங்கியது. மகளைப் பார்த்துத்தான் சொன்னா: "ஒரு புதன் விட்டுப் பாக்கிறன். கான் வெறுமையா வந்துதோ, பேந்து புதனில பள்ளிக்கூடம் எண்ட கதையே எடுக்கக் கூடாது."

ஜெனிற்றா தலையாட்டினாள்.

இந்த முறை அடையாளத்தை அவரவரே கீறினார்கள். நெற்கதிர், குருசு, வேல், கிரிக்கெட் மட்டை, ஆடு கிடைக்காத கோபத்தில் ஒருவர் கீறிய ஆடு. ஒரு ஐயா தன் கட்சியின் சின்னத்தைக் கீறப் போனார். "மாமா, எலக்சன் முடிய அழிக்க மண்ணெண்ணெய் மிச்சமில்லை" என்றாள் ஜெனிற்றா. அவர் சிரித்துவிட்டுப் பனைமரம் கீறினார். ஜெனிற்றாவின் கானில் ஒரு வள்ளம். தவமணி அக்கா மட்டும் ஒன்றும் கீறவில்லை. "என்ர கானை எனக்குத் தெரியும்."

கடைசிக் கான்

புதன் வந்தது. ஜெனிற்றா வந்தாள். கூடவே, புதனில் நாங்கள் காணாத இன்னும் சில முகங்கள். இடைவேளை முடிந்த நேரம் வீதியில் பவுசர் போகிற இரைச்சல் கேட்டது. வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் யன்னல் பக்கம் திரும்பியது. எனக்கும் ஓடிப்போய்ப் பார்க்கக் கால் உன்னியது. கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் போய்க் காவல் நின்றால் அது அவர்களின் முறையாக இருக்காது.

மணி அடித்ததும் சைக்கிள்கள் பறந்தன.

சந்தியில் கான்கள் வரிசை குலையாமல் நின்றன. எல்லா மூடியும் இறுக்கிப் பூட்டியிருந்தது. ஜெனிற்றா வள்ளம் கீறிய கானுக்குப் பக்கத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துத் தூக்கினாள். கான் அசையவில்லை. நிரம்பியிருந்தது. அவள் மூடியைத் தடவிப் பார்த்தாள்.

வரிசையின் கடைசியில் படமே இல்லாத ஒரு கான். பக்கத்தில் தவமணி அக்கா, முழங்கால் வரை நனைந்தபடி, சீமெந்துக் கட்டுக்கு மேல் இருந்தா.

கஜன் அந்தக் கானைத் தூக்கினான். ஒற்றை விரலில் வந்தது.

"அம்மா, எங்கட கான் வெறும் கான்."

"தெரியும். நிரப்பிறவள் தன்ர கானை முதல் நிரப்பினாளெண்டு ஒருத்தியும் வாய் திறக்கக் கூடாது. அதுதான் கடைசியா வைச்சனான்." குழாயைத் திருகிக் காட்டினா. இரண்டு துளி விழுந்தது. "தாங்கி ஏமாத்திப்போட்டுது. நான் சொன்னனான் தானே, உது சரிவராதெண்டு?"

ஜெனிற்றா தன் கானின் மூடியைத் திறந்தாள். குழாயடியில் கிடந்த தகரப் பேணியில் தண்ணீர் ஊற்றினாள். வெறும் கானுக்குள் விட்டாள். கஜன் பாய்ந்து அடுத்த கானின் மூடியில் கை வைத்தான்.

"டேய், எடாத! ஆக்கள் வரட்டும். கேட்டிட்டு" என்றாள்.

சனம் ஒவ்வொருவராகக் கான் எடுக்க வந்தது. ஒவ்வொருவரிடமும் கேட்டோம். சிலர் ஒரு பேணி, சிலர் இரண்டு. பனைமரக் கான்காரர், "இவ நிரப்பின தண்ணி, இவவுக்கு இல்லாததே" என்று கானையே சரித்து ஊற்றினார். தவமணி அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தா. கான் கழுத்துவரை வந்ததும் எழும்பினா.

"அடுத்த புதன் ஆற்றை முறை?"

"எங்கட அம்மான்ர" என்றாள் ஜெனிற்றா.

"அப்ப கொம்மாட்டச் சொல்லு. முறைக்கு நிக்கிற ஆளின்ர கான் கடைசி. ஆராயிருந்தாலும். அப்பத்தான் கள்ளம் வராது. தாங்கி முடிஞ்சா எல்லாரும் ஒரு பேணி. இதுதான் இனிச் சட்டம்." பிறகு மகனைப் பார்த்து: "பாத்துக்கொண்டு நிக்கிறாய், மூடியைப் பூட்டன்ரா!"

அதிபரிடம் நான் ஒன்றும் விளக்கத் தேவைப்படவில்லை. மறுநாள் அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப வளவைக் கூட்டுறது ஆர்?"

அடுத்த புதன் காலை. சைக்கிளில் சந்தியைக் கடந்தோம். வரிசை நின்றது. நெற்கதிர், வேல், ஆடு, பனைமரம். எல்லாவற்றுக்கும் பின்னால், கடைசியாக, வள்ளம். மீன் கழற்றுகிற வேலையை மச்சாளிடம் விட்டுவிட்டு, ஜெனிற்றாவின் அம்மா தாங்கியடியில் தனியே நின்றா.

எனக்கு மனம் கேட்கவில்லை. வளைவு வரை திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மிதித்தேன். கடைசிக் கானுக்குத் தண்ணீர் வருமா?

ஜெனிற்றா திரும்பவே இல்லை. ரிபன் காற்றில் அடிக்க, எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"கெதியா வாங்கோ ரீச்சர்" என்று கத்தினாள். "மணி அடிக்கிறது நீங்கள்தானே!"